மடிக்கிற கை

என் விதானையாருக்கு உயிர் வரவில்லை.
மூன்று வருடம், இருநூற்றுப் பத்துப் பக்கம்.
நெற்றியில் வெட்டுத் தழும்பு வைத்தேன்.
ஒரு கண்ணைக் கொஞ்சம் சிவக்க விட்டேன்.
சாராயம் ஊற்றிக் கொடுத்தேன், நாயை உதைக்கச் சொன்னேன்.
படித்துப் பார்த்த மகள் கேட்டாள்:
"அம்மா, இந்த ஆளுக்கு வேறு வேலையே இல்லையா?"

லாங்கன்தாலில் எங்கள் கட்டிடத்துக்குப்
பன்னிரண்டு வீடு, ஒரு சலவை அறை.
எனக்குச் செவ்வாய், காலை ஏழிலிருந்து பன்னிரண்டு.
நிலத்துக்குக் கீழே; சுவரில் அட்டவணை;
நூலில் தொங்கும் பென்சில்.
யந்திரம் சுழலும் நேரத்தில்தான் நான் எழுதுவது,
கவிழ்த்த கூடைமேல் கொப்பியை வைத்து.

மேல்மாடி ஹெர் ஏஷ்லிமான்
ஒருநாளும் சத்தம் போட்டதில்லை.
துண்டுக் காகிதம் ஒட்டுவார்.
"அன்புள்ள அயலவரே,
உலர்த்தியின் வடிகட்டியில்
நேற்றும் பஞ்சு இருந்தது. நட்புடன்."
அந்த 'நட்புடன்' மீன் முள்ளு மாதிரி
இரண்டு நாள் தொண்டையில் நிற்கும்.
ஒருமுறை பன்னிரண்டு ஐந்துக்கு
ஈரத் துணியோடு படியேறினேன்.
எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
பிறகு இறங்கிப் போய்
அந்த ஐந்து நிமிடத்தை அட்டவணையில்
சிவப்பால் எழுதி வைத்தார்.

இத்தனைக்கும் பஞ்சு இருந்தது உண்மை.
அதுதான் தாங்க முடியாதது.
பொய் சொல்லும் கெட்டவனென்றால்
பத்துப் பக்கத்தில் பிடித்துக் கட்டிவிடலாம்.
சரியாகச் சொல்கிறவனை என்ன செய்ய?

அன்றிரவே விதானையாரின்
தழும்பைக் கழுவினேன். நாயை அவிழ்த்து விட்டேன்.
பேனை கொடுத்தேன், நல்ல கையெழுத்துக் கொடுத்தேன்.
நிவாரண அட்டையில் பெயர் வெட்டும்போதும்
அடிமட்டம் வைத்துத்தான் கோடு கீறுவார்.
"சட்டம் தங்கச்சி, நான் என்ன செய்யிறது" என்பார்.
சட்டமும் அப்படித்தான் இருந்தது.
கொஞ்சம் அசைந்தார். மூச்சு இன்னும் இல்லை.

பனி கொட்டிய ஒரு செவ்வாய். மகளுக்குக் காய்ச்சல்.
துணியை யந்திரத்திலேயே மறந்து போனேன்.
இரவு ஒன்பதுக்குக் கதவைத் திறந்தால்
வாசலில் எங்கள் படுக்கை விரிப்புகள்,
காய்ந்து, மடித்து, மூலைக்கு மூலை சரியாக.
மேலே ஒற்றைக் காலுறை, ஊசி குத்தி.
காகிதத்தில், நான் வாசிக்கவென்று
பெரிய பெரிய எழுத்தில்:
"இருமல் கேட்டது. பிள்ளைக்குச் சுகமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது.
பாடுபட்டுப் பிடித்த வில்லனை
இந்த மனிதர் கெடுக்கிறாரே என்று.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லிவைத்தார்கள்.
மடிக்கிற கையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

விடிவதற்குள் எழுதினேன்:
காலையில் நாகபூஷணியின் பெயரை வெட்டியாயிற்று.
அவள் மனுக்கொடுக்கக் கச்சேரிக்குப் போய்விட்டாள்.
மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வருகிறது.
விதானையார் சைக்கிளை வேலியில் சாத்துகிறார்.
கொடியில் கிடந்த அவளுடைய ஒரே நல்ல சேலையை
எடுத்து, கரையோடு கரை சேர்த்து மடித்து,
வாசற்படியில் வைத்து,
பறக்காமல் ஒரு கல்லும் வைக்கிறார்.
யாரும் பார்க்கவில்லை.
ஏன் செய்தோம் என்று அவருக்கும் தெரியாது.
அட்டையில் கோடு அப்படியே இருக்கிறது.
சைக்கிள் போகிறது.

பேனையை மூடியபோது விரல் குளிர்ந்திருந்தது.
மூன்று வருடத்தில் முதல்முறையாக
அந்த ஆளுக்குப் பயந்தேன்.

காய்ச்சல் விட்டபின் மகள் படித்தாள்.
நெடுநேரம் பேசவில்லை.
"அவள் பிறகு அந்தச் சேலையை உடுத்தினாளா?"
தெரியாது என்றேன்.
உண்மையாகவே தெரியாது.
எங்கள் விரிப்பும் இன்னும் அலுமாரியில்,
மடித்தது மடித்தபடி.

அடுத்த செவ்வாய் சுவரில் புதிய காகிதம்.
"அன்புள்ள அயலவரே, பஞ்சு. நட்புடன்."
இந்தமுறை நிச்சயம் நானில்லை என்று
விறைப்பாகப் போய் வடிகட்டியைத் திறந்தேன்.
சாம்பல் நிறத்தில், ஒரு விரல் மொத்தத்துக்கு
இருந்தது.