தாம்போதி

சாலை இருந்த இடத்தில் இப்போது
சுண்ணாம்பு அடித்த இரண்டு கற்கள்.
நடுவே தண்ணீர்,
தானே சாலை என்பது போல
நேராகக் கிடக்கிறது.

போன ஐப்பசியில் நம்பி இறங்கினேன்.
என்ஜின் ஒரு மடக்குக் குடித்தது.
ஒரே மடக்கு.
கனெக்டிங் ராடு வளைந்து
அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.
"ஆழம் அறியாமல் அரசு வாகனத்தை
நீரில் இறக்கியது ஏன்?"
என்று கேட்டு வந்த கடிதத்துக்கு
"ஆழம் அறியாததால்" என்று
பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
வேறென்ன எழுத.

இன்று அக்கரையில் ஓர் ஆவுளியா.
காரங்காட்டுக் களஞ்சியத்தின் வலையில்
வால் சிக்கிக்கொண்டு
மூச்செடுக்க மேலே வருகிறது,
வலை இழுக்கக் கீழே போகிறது.
ஸ்பீக்கரில் அவன் குரல்:
"வந்துருச்சு... முங்கிருச்சு...
இந்தா, வந்துருச்சு."

வனவர் சங்கரவடிவு தென்காசிக்காரர்.
அருவித் தண்ணீரில் வளர்ந்தவர்.
போகலாமா என்று அவர் கேட்கவில்லை.
ஷூவைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்தார்,
காக்கியை முழங்காலுக்குச் சுருட்டினார்.

மூங்கிலோடு இறங்கினோம்.
பம்பர் உயரத்தில் அதில் ஒரு சிவப்பு ரிப்பன்,
நான் கட்டியது.
கணுக்கால். முழங்கால்.
ஓரத்தில் தார் பெயர்ந்து சேறு;
இடது சக்கரம் இங்கே வரக் கூடாது.
நடுவில் ஒரு பள்ளம்.
ரிப்பன் முங்கியது,
அதற்கு மேலும் ஒரு சாண்.

விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.
இனித்தால் கோட்டைக்கரை ஆற்று வெள்ளம்,
மூன்று நாளைக்கு வடியாது.
கரித்தது.
வாடை தள்ளிக்கொண்டு வந்த கடல் இது;
காற்று விழுந்தால் இறங்கிப் போகும்.

"எவ்வளவு நேரமாகும்?"
"தெரியாது மேடம்."

களஞ்சியம் எண்ணிக்கொண்டிருந்தான்.
நான் ஃபேன் பெல்ட்டைக் கழற்றினேன்.
கிரில்லில் தார்ப்பாயைக் கட்டினேன்.
கண்ணாடிகளை இறக்கினேன்,
பெல்ட் போட வேண்டாம் என்றேன்.
பிறகு செய்ய ஒன்றுமில்லை.
அலையாத்தி இலைகளின் வெள்ளை முதுகு
திரும்பித் திரும்பித் தெரிந்தது.
"இந்தா வந்துருச்சு" வரத் தாமதமான ஒருமுறை
சங்கரவடிவு சாவியைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

நாலு பத்துக்கு இலைகள் அசையவில்லை.
நாலே முக்காலுக்கு
மூங்கிலில் ரிப்பன் வெளியே வந்தது,
ஈரமாக, மூன்று விரல் மேலே.

லோ ரேஞ்ச். இரண்டாவது கியர்.
கிளட்சிலிருந்து காலை எடுத்துத்
தரையில் வைத்தாயிற்று,
இனி அக்கரைவரை அது என் கால் இல்லை.
பம்பருக்கு முன்னால் ஓர் அலை எழுந்தது.
அதை முந்தினால் மூக்கில் ஏறும்,
பின்தங்கினால் திரும்பி வந்து மூடும்.
அதோடு நடக்க வேண்டும்,
பிள்ளைத்தாய்ச்சியோடு நடப்பது போல.
நடுப்பள்ளத்தில் போன் அடித்தது.
அடிக்கட்டும்.
கதவிடுக்கில் நீர் கசிந்து
அவர் பாதத்தை நனைத்தது,
அவர் பாதத்தை நகர்த்தவில்லை.

கரையேறி பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து
ஈரம் போக்கிய பிறகு
அவர் போனை எடுத்தார்.
"வலைய அறுத்து விட்டாச்சு மேடம்,
போயிருச்சு.
போகையில ஒரு அடி அடிச்சுது பாருங்க,
எங்க மூஞ்சியெல்லாம் தண்ணி."
பிறகு கொஞ்சம் தணிந்த குரலில்,
"வலை எட்டாயிரம் மேடம்.
யாருக்கு எழுதிக் கேக்கணும்?"

சங்கரவடிவு சிரித்தார், சத்தமாக,
நான் அதுவரை கேட்டிராத சிரிப்பு.
பிறகு பேடை எடுத்து
அங்கேயே பானட்டின் மேல் வைத்து
வலைக்கான மனுவை எழுதத் தொடங்கினார்.

நான் ஆயில் குச்சியை உருவினேன்.
பால் டீ நிறமில்லை.
கறுப்பு, நல்ல கறுப்பு.
இரவே நல்ல தண்ணீரில் அடிப்பாகம் கழுவ வேண்டும்,
உப்பு காத்திருக்காது.

அதற்கு முன்னால் திரும்ப வேண்டும்.
இருட்டிக்கொண்டு வந்தது.
இப்போதுதானே கடந்தோம் என்றார்.
ஆமாம் என்றேன்,
மூங்கிலை எடுத்துக்கொண்டு
மறுபடி தண்ணீருக்குள் நடந்தேன்.