நூறு மில்லி

முதல் ஒழுக்கு வேண்டாம், கடைசி ஒழுக்கும் வேண்டாம்,
நடுவில் பிடிங்க சந்தியாகு என்றேன்.
"ஆஸ்பத்திரியில சொல்ற மாதிரியே சொல்றீங்களேக்கா"
இன்னோவாவுக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது.
சூடு ஆறாத எண்ணெய்
பாட்டிலின் கழுத்துவரை ஏறி நின்றது.
மூடியைத் திருகி, துடைத்து, எழுதினேன்:
வண்டி ஓடியது மூன்று லட்சத்துப் பதினான்காயிரம்.
எண்ணெய் ஓடியது ஒன்பதாயிரத்து நானூறு.

காரைக்குடிக் கூரியர்க்காரர்
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"தேனா, லேகியமா?"
"வண்டியோட ரத்தம்" என்றார் சந்தியாகு.
ரத்தமெல்லாம் எடுக்கமாட்டோம் என்றார் அவர்.
பழைய எண்ணெய் என்று திருத்தி
நூற்றுப்பத்து ரூபாய் கட்டினேன், கோயம்புத்தூருக்கு.

மெக்கானிக் ஜபருல்லாவுக்கு இதெல்லாம் அவமானம்.
ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து
முனையால் என்ஜினைத் தொட்டுக் கேட்பார்.
இன்னும் ஒரு லட்சம் ஓடும் என்பார்.
அவர் காது இதுவரை பொய் சொன்னதில்லை.
ஆனால் காதுக்குச் சத்தம் வேண்டும்.
சத்தம் வரும்போது செலவும் கூடவே வந்துவிடுகிறது.

எனக்கு என்ஜின் தெரியாது. பேரேடு தெரியும்.
ஒரு பக்கம் குறைந்தது
இன்னொரு பக்கம் எங்கேயாவது ஏறியிருக்க வேண்டும்.
சிலிண்டர் சுவர் பற்று எழுதிய இரும்பை
எண்ணெய் வரவு வைத்துக்கொள்கிறது,
கேட்பாரில்லாமல், பைசா பிசகாமல்.

முதல் ரிப்போர்ட் ஜோசியம் போலத்தான் இருந்தது,
நல்லதா கெட்டதா என்று யாருக்குத் தெரியும்?
இது மூன்றாவது. இப்போது கோடு இழுக்கலாம்.

செம்பு, பத்து லட்சம் பங்கில் மூன்று.
ஈயம் இரண்டு. பேரிங் தூங்கட்டும்.
சிலிகான் பதினொன்றிலிருந்து முப்பத்தெட்டு.
அதன் கையைப் பிடித்துக்கொண்டு
இரும்பும் இருபத்திரண்டிலிருந்து முப்பத்தொன்று.

சிலிகான் என்றால் மண்.
எந்த மண் என்று லேப் சொல்லாது, நான் சொல்வேன்.
ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வாசல்,
பிரெஞ்சுக்காரர்கள் பூ அச்சைப் படம் பிடிக்க
வண்டி மணல் குவியலோரம் நிற்கும்.
பிறகு கொத்தமங்கலம் வழியே செம்புழுதி.
ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தால்
ஒரு கிளிப் இல்லை,
அந்த இடத்தில் கட்டுக்கம்பி, அழகாக முறுக்கி.

அடுத்த வரியில்தான் நின்றேன்.
எண்ணெயில் டீசல் நான்கு சதவீதம். இளகல் அதிகம்.
நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடியதா?

இரண்டு மாதமாக டீசல் கணக்கு இடித்துக்கொண்டிருந்தது.
ட்யூப் போட்டு உறிஞ்சுகிறார் என்றே முடிவு செய்து
கேட்க வேண்டிய வார்த்தைகளைக்கூட
கூட்டிக் கழித்து வைத்திருந்தேன்.
காணாமல் போனதில் கொஞ்சம்
வெளியே போகாமல் எண்ணெய்க்குள்ளேயே இருந்திருக்கிறது.

தாளை நீட்டினேன். அவர் படிக்கவில்லை,
என் விரல் நின்ற வரியை மட்டும் பார்த்தார்.
"ராத்திரி ஏசி போட்டேங்க்கா.
வீடு தகரம். ஜெசிந்தா பன்னெண்டாவது.
பின்சீட்ல விளக்குப் போட்டுப் படிக்கும்.
ரெண்டு மணி வரைக்கும்."
சிறிது பொறுத்து, "கெமிஸ்ட்ரிக்கு மட்டுந்தான்" என்றார்,
மற்ற பாடமெல்லாம் வெக்கையிலேயே ஏறிவிடும் என்பது போல.

நான் ஒன்றும் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை.
ஐடிலிங்கில் என்ஜின் போய்விடும் சந்தியாகு,
எண்ணெயை ஆறாயிரத்திலேயே மாற்றணும்,
அந்தச் செலவு யார் தலையில் என்றேன்.
அவர் தலையைச் சொறிந்தார்.

சாயந்தரம் பேரேட்டைத் திறந்து
டீசல் என்று எழுதி, பக்கத்தில் எதற்கு என்ற கட்டத்தில்
பேனா நின்றது. ட்ரிப் இல்லை. ரிப்பேர் இல்லை.
திருட்டும் இல்லை.
காத்திருப்பு என்று எழுதினேன்,
ரயில்வே ஸ்டேஷன் வாடகைக்கு எழுதுவது போல.

பாட்டில் நான்கு தயார், மூடியில் தேதி மட்டும் பாக்கி.
மே மாதம் எங்களுக்கு இரண்டு ரிசல்ட் வரணும்.

கிளிப் பதினெட்டு ரூபாய்.
கம்பியை ஜபருல்லா வாங்கி வைத்துக்கொண்டார்.