பதினேழு நாள்

சொஹார் துறைமுக வாயிலில்
லாரிகள் நுழைந்த நேரம்:
பதினேழு நாள் குறிப்பு.
என்னிடம் இருப்பது அவ்வளவே.

கிரேன் எத்தனை, எங்கே? மூன்று திட்டங்கள்.
கணினிக்குள் பத்தாயிரம் முறை
விடியவைத்தேன்.
இரண்டாம் திட்டமே முந்தியது.
பிழை மயிரிழையாய் மெலிந்தது.

ஏதோ உறுத்த, குறிப்பெடுத்த நெய்னாவைக் கேட்டேன்.
"நோன்பு மாசம் மேடம், பகல்ல வண்டி ஏது?
ரெண்டு நாள் புழுதிக்காத்து.
அன்னிக்கு எழுதுனது குத்துமதிப்பு."

பத்தாயிரம் விடியலும்
அந்தப் பதினேழு நாள் பெற்ற பிள்ளைகள்.

நாட்களைக் குலுக்கிப் பொறுக்கி ஓட்டினேன்:
மூன்றாம் திட்டம்.
மறுபடி குலுக்கினேன்:
முதலாவது.

எட்டரைக்குக் கூட்டம். ஒரே பெயர் கேட்பார்கள்.
பெயருக்கான கட்டத்தில் எழுதினேன்:
இன்னும் நாற்பது நாள் எண்ணவேண்டும்.

"நாப்பது நாளா, ஜூன் வெயில்லயா?"
என்ற நெய்னா
பேனாவை உள்ளங்கையில்
கிறுக்கிப் பார்த்தார்.