ஒன்பது காலன்

மதுவிலக்குத் துறையில் நான் அளவுகோல் பிடித்தவன்.
வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்,
பண்ணைக்காட்டில் இறங்கி ஒரு மைல் நடை,
ஆரஞ்சுத் தோப்பைத் தாண்டினால் அந்தச் சரிவு.
பூசை ஒயினுக்கு மட்டும் உரிமம். இருநூறு காலன்.
அதற்குமேல் ஒரு சொட்டுக்கும்
சட்டத்தில் இடமில்லை.

உரிமத்தில் ஆர்லோ ஹென்ட்ரிக்.
ஊருக்குக் கொடித்துரை.
மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து
திராட்சைக் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக்
கப்பலேறி வந்தவர் என்பார்கள்.
அவரிடம் கேட்டால்
"சாக்கு இல்லை, என் கம்பளிக் காலுறை" என்பார்.

அவருக்கு ஒரே கவலை, தூக்கம்.
தன்னுடையதல்ல, கொடியுடையது.
"எங்கள் ஊரில் உறைபனி வந்து
இலையை உதிர்த்துப் படுக்கவைக்கும்.
இங்கே யார் விளக்கணைப்பது?"
தூங்காத கொடி கண்ட மாதத்தில் பூக்கும்,
ஒரே குலையில் பச்சை, சிவப்பு, அழுகல்.
ஐப்பசி அடைமழையில் இலைக்கடியில் வெள்ளைப் பூசணம்.
மயில்துத்தமும் சுண்ணாம்பும் அடித்துப் பார்த்தார்.
பிறகு வைத்தியத்தை விட்டுவிட்டுச்
சம்பந்தம் பேச ஆரம்பித்தார்.

ஆற்றங்கரைக் காட்டுக்கொடி தாய்.
கம்பத்துப் பன்னீர் திராட்சை தகப்பன்.
கை, சவரியாயியுடையது.
பூ விரியும் முன்பே மொட்டின் தொப்பியை
இடுக்கியால் கழற்றுவாள்,
கேசரம் கிள்ளுவாள், மகரந்தம் தடவுவாள்,
குலைக்குத் தாள்பை மாட்டுவாள்,
தகரத்துண்டில் ஆணியால் எண் கீறுவாள்.
விதை கொடியாகிக் காய்க்க நாலு வருடம்.
காய்த்ததை அவர் வாயில் போட்டுத் துப்ப
நாலு நொடி.
"பிடுங்கு."
காட்டெருமை மிதித்தவை போக,
கொண்டைக்குருவி தின்றவை போக,
இப்படியே இருநூற்றுப் பதினொன்று.

அடுத்தது மார்கழிக் கடைசியில்
யாரும் சொல்லாமல்
இலையெல்லாம் கொட்டி மொட்டையாய் நின்றது.
செத்துவிட்டதென்று சவரியாயி மண்வெட்டி எடுக்க,
செருப்பில்லாமல் ஓடிவந்து தடுத்தாராம்.
முட்டியில் சிராய்ப்போடு
எனக்கும் காட்டினார்.
எனக்கென்ன தெரியும்? குச்சியாகத்தான் தெரிந்தது.

ஐம்பத்தெட்டு ஜூலை.
கோலை விட்டு எடுத்தேன்.
இருநூற்று ஒன்பது.
ஓரத்துச் சிறு பீப்பாயில் சாக்கட்டியால்: 212.
பதிவேட்டில் எழுதினேன், வாய்விட்டுப் படித்துக்கொண்டே,
"உபரி, ஒன்பது காலன்."
சவரியாயி சிரித்துவிட்டாள்:
"ஆளுக்கு ஒரு காலன் போதாதா ஐயா?"

பீப்பாயைச் சாய்த்துப் பிடிக்க
அவரே வந்தார்.
"எனக்குப் பதினொரு வயது.
உங்களைப் போலத் தொப்பி போட்ட ஒருவர்
அப்பாவின் பீப்பாய்களைக் கோடாலியால் பிளந்தார்.
நீங்கள் குழாயைத் திறக்கிறீர்கள்.
உலகம் முன்னேறியிருக்கிறது."
மண் கறுத்தது. எறும்புகள் முதலில் ஒதுங்கின,
பிறகு திரும்பி வந்தன.
"குடிக்க வேண்டாம்," என்றார்,
"மோந்து மட்டும் பாருங்கள்.
பத்தொன்பது வருடம்."

மூச்சை அடக்கிக்கொண்டேன்.
என் அப்பாவும் ஒரு குடிகாரர்.
அதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.

அவர் இறந்த பிறகு கணக்கு முடிக்கப் போனேன்.
பீப்பாய்களில் சவரியாயி தவிட்டைக் கொட்டிவைத்திருந்தாள்.
நோட்டை எடுத்து வந்தாள்.
எண்ணுக்கு ஒரு வரி, அவருடைய கோணல் தமிழில்.
37: நரிவாடை.
90: இனிப்பு, ஆனால் கோழை.
154: காட்டெருமைக்குப் பிடித்தது.
212-க்கு நேரே அந்த ஜூலைத் தேதி.
"நிலம் குடித்தது. கருத்து எதுவும் சொல்லவில்லை."
கீழே பென்சிலில், சின்னதாக,
"அதிகாரியும்."

கொடி எங்கே என்று கேட்டேன்.
ஆட்டுக்கொட்டில் கூரைமேல் கை காட்டினாள்.
குலைகள் இருந்தன. பழுக்க இன்னும் பத்து நாள் என்றாள்.
கடைசி பஸ் ஐந்தரைக்கு.