சீசன் பிணம்

மே மாத சீசனுக்கு ஐந்து நாடகங்கள்.
மூன்றில் நான் பிணம்.
கோத்தகிரி மன்றத்துக்குத் தகரக் கூரை,
டிக்கெட் நாற்பது,
மழைக்கு ஒதுங்கியவர்களுக்கும் அதே நாற்பது.

யோகராணி ஃபாக்டரி ஷிப்ட் முடிந்து ஓடிவந்து
என் மார்பில் விழுந்து அழுவாள்.
கண்ணீர் வராது. விரல்களில்
வாடப்போட்ட தேயிலை வாசம்.

நேற்று ஆலங்கட்டி.
அவள் வசனம் அவளுக்கே கேட்கவில்லை.
பாதியில் நிறுத்தி
காதோரம் குனிந்து
"குளிருதா?" என்றாள்.

ஒத்திகையில் இல்லாத கேள்வி.
தலையசைத்துவிட்டேன்.

முன்வரிசையில் ஒரு பொடியன் எழுந்து
"செத்தவரு ஆமாங்கிறாரு!" என்று கத்தினான்.
அது மட்டும் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

ஜோகியண்ணன் திரையை இழுத்தார்;
வழக்கம்போல் பாதியில் சிக்கியது.
சால்வையில் முகம் புதைத்து
அவள் அழுதுகொண்டே இருப்பதாக ஊர் பார்த்தது.
என் விலா எலும்புக்குத் தெரியும்
அந்தக் குலுங்கல்.