ஒன்பதாம் தேதிக் கட்டம்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
ஹெச்.ஆர். என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.
மீதியைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள்.
மீதி இதுதான்:
கிரிம்ஸ்பியில், மீன் கிடங்குகளுக்குப் பின்னால்,
மாடியில் ஓர் அறை,
பூட்டு வைத்த நான்கு இரும்பு அலமாரிகள்,
நூற்றுப் பன்னிரண்டு பேருடைய கோப்புகள்.
போலீஸ் சான்று வந்ததா,
விசா எந்த மாதம் முடிகிறது,
ஆளைத் தூக்கும் பயிற்சி காலாவதி ஆகிவிட்டதா,
இரண்டாயிரத்துப் பதினாறில் ஏழு மாதம் எங்கிருந்தாய்.
'அழுதுகொண்டிருந்தேன்' என்று ஒருவன் எழுதியிருந்தான்.
'சொந்தக் காரணம்' என்று மாற்றச் சொன்னேன்.
பதினொரு வருஷமாக இதுதான்.

ரூம்பிட்சாயின் கோப்பு மெலிந்தது.
ஆறு வருஷத்தில் ஒரு புகார் இல்லை.
ஒரே ஒரு நாள் தாமதம், அதுவும் பனி.
ஏழாம் எண் வீட்டில் நாலு பேரைப் பார்த்துக்கொள்கிறாள்.
அதில் மூத்தவர் க்ளைவ் ஹோல்ட்பி, ஐம்பத்தெட்டு.
பேச்சு கிடையாது, வலிப்பு உண்டு,
ஒப்புக்குச் சிரிப்பவர்களைக் கண்டுபிடித்துவிடுவார்.
என்னை முதல் நாளே கண்டுபிடித்தார்.

மருந்துத் தாளில் ஒன்பதாம் தேதி இரவுக் கட்டம்
பதினொன்றாம் தேதி காலைவரை காலி.
மேற்பார்வையாளர் அதைப் படம் எடுத்திருக்கிறார்.
மதியம் பார்த்தால் கையெழுத்து இருக்கிறது.
வேறு பேனா. வேறு நீலம்.

விசாரணையில் அவள் சொன்னது:
"கொடுத்தேன். போட மறந்தேன். பிறகு போட்டேன்."
இன்னும் ஏதாவது சொல்லு என்பதுபோல
யூனியன்காரர் அவள் முழங்கையைத் தொட்டார்.
அவள் சொல்லவில்லை.

வெறும் கட்டம்தானே என்று என்னால் விட முடியாது.
நான் சேர்வதற்கு முந்தின வருஷம், வேறொரு வீட்டில்,
வேறொரு தாளில், ஒரு கட்டம் காலியாக இருந்தது.
கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று
இரவுப் பணிக்கு வந்தவர் இன்னொரு தரம் கொடுத்தார்.
ஜோன், வயது முப்பத்துமூன்று.
காலையில் எழுப்பப் போனார்கள்.
எங்கள் படிவங்களைத் தட்டிப் பாருங்கள்,
ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில்
யாரோ ஒருவர் படுத்திருக்கிறார்.

சாட்சி உண்டா என்பது எட்டாம் கேள்வி.
எல்லாரும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.
எனக்கு உறுத்தியது.
மாத்திரையை விழுங்கிய வாய் ஒன்று
அந்த வீட்டில் இருக்கிறதே.

புதன்கிழமை போனேன்.
மழை பக்கவாட்டில் பெய்கிற ஊர் இது,
குடை வைத்திருப்பவர்கள் புதியவர்கள்.
கோட்டைக் கழற்றிவிட்டு
க்ளைவின் பட அட்டையை அவர் மடியில் விரித்தேன்.
கேள்வியை மூன்று விதமாகக் கேட்டேன்,
பதிலை நானே எடுத்துக் கொடுத்துவிடாமல்.
முதலில் கேக்கைத் தொட்டார்.
அது சாட்சியம் அல்ல, விருப்பம்.
பிறகு கரண்டி. பிறகு தயிர்.
மாத்திரையைத் தயிரில்தான் சாப்பிடுவார்.
பிறகு நிலா.
பிறகு ரூம்பிட்சாயின் போட்டோமேல் விரலை வைத்தார்,
எடுக்கவில்லை.

எந்த இரவு என்பதற்கு
அட்டையில் படம் இல்லை.

அப்படியே எழுதினேன், அந்தக் குறையையும் சேர்த்து.
'விரலை எடுக்கவில்லை' என்பதை
இயக்குநர் அடித்துவிட்டு அனுப்பினார்.
திரும்ப எழுதினேன்.

முடிவு: இறுதி எச்சரிக்கை, பன்னிரண்டு மாதம்,
மருந்துப் பயிற்சி மறுபடி முதலிலிருந்து.
வேலையைவிட்டு எடுத்திருக்க வேண்டும் என்று சிலர்,
எச்சரிக்கையே அநியாயம் என்று சிலர்.
சாப்பாட்டு அறையில் இப்போது
நான் போனால் பேச்சு மாறுகிறது.

கடிதத்தை ரூம்பிட்சாய் நின்றபடியே
இரண்டு பக்கமும் படித்தாள்.
பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று
பேனாவை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டாள்.
"இன்றைய தேதிதானே?" என்று கேட்டாள்.