இருபத்தைந்து தௌ

நாளை விடிகாலை நாலு மணிக்கு
இருபத்தாறு தட்டு இளம்புழு
அம்பாசடர் ஏறிப் போகணும்,
குடிமங்கலம் தாண்டி, கிட்டுச்சாமி தோட்டத்துக்கு.
இரண்டாம் தோலுரிப்புத் தூக்கத்தில் இருக்கும் புழுக்கள்.
தூக்கம் கலைவதற்குள் இறக்கிவிட வேண்டும்,
வெயில் ஏறுவதற்குள்ளும்.

வண்டியோ மூன்று நாளாக
ஒரு காலை ஊன்றாத மாடு மாதிரி நடக்கிறது.

பொழுதோட பானெட்டைத் தூக்கினேன்.
ஒயர்களுக்குச் சாக்பீஸில் எண் போட்டேன்.
ஒன்று, மூன்று, நாலு, இரண்டு:
இந்த எஞ்சினுக்கு எண்ணத் தெரிந்தது அப்படித்தான்.
நாலு பிளக்கையும் கழற்றி
மல்பெரி எடைச்சீட்டின் மேல் வரிசையாக வைத்தேன்.

ஒன்று, வறுத்த கொத்தமல்லி நிறம்.
இரண்டும் அதே.
நாலு கொஞ்சம் வெளுப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை.
மூன்று கருப்பு.
விரலில் ஒட்டுகிற ஈரக் கருப்பு.

பிளக்கின் தப்பு இல்லை.
கீழே ரிங் தேய்ந்திருக்கிறது, எண்ணெய் மேலேறுகிறது,
மூன்றாம் எண் அதைக் குடித்துவிட்டு
என்னிடம் வந்து வாயைத் திறந்து காட்டுகிறது.

பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்து
ஜமால்தீன் சொன்னார்:
"எஞ்சினை இறக்கோணுமுங்க."
இறக்கினால் முப்பத்தெட்டாயிரம்.
கூடு விற்றுக் காசு வர இன்னும் ஒரு மாதம்.
"அது வரைக்கும்?"
"மூணாவதுக்கு மட்டும் ஒரு படி சூடான பிளக்.
சேர்ற எண்ணெயை எரிச்சுக்கிட்டே கிடக்கும்.
வைத்தியம் இல்லீங்க. வாய்தா."

பையன் எடுத்துத் தந்ததில் எண் ஒன்று கூடுதல்.
ஒரு கம்பெனியில் எண் ஏறினால் சூடு,
அடுத்த கம்பெனியில் எண் ஏறினால் குளிர்ச்சி.
போன வருசம் இது தெரியாமல்
ஒரு வாரம் கரி தின்று ஓட்டியிருக்கிறேன்.
இந்த முறை பெட்டியைத் திருப்பிப் படித்தேன்.
குறைந்த எண்ணைக் கேட்டேன்.
மரையின் நீளத்தைப் பழையதோடு சேர்த்துப் பிடித்தேன்:
நீண்டிருந்தால் பிஸ்டன் வந்து முத்தமிடும்,
ஒரே ஒரு தடவை.

இனி இடைவெளி.
ஃபீலர் கேஜைத் தை மாதம் வாங்கிப் போன ராசாமணி
கேட்டால் சிரிக்கிறான்.
உடைந்த ஆக்ஸா பிளேடு கிடந்தது.
அதன் முதுகு இருபத்தைந்து தௌ, கூடக் குறைய.

கொக்கியைச் சிமெண்டுத் தரையில் தட்டினேன். பிளேடு நுழையவில்லை.
பீங்கானில் படாமல் நெம்பினேன். வழுக்கி ஓடியது.
மறுபடி ஒரு தட்டு, மயிரிழைக்கு.
போக வேண்டும்,
ஆனால் மனமில்லாமல் போக வேண்டும்.

நெருக்கினால் பொறி சிறுத்துவிடும்,
அகட்டினால் தாண்டாது.
"புருசன் பொண்டாட்டிக்குச் சொல்றாப்பல இருக்குது,"
என்றாள் டார்ச் பிடித்திருந்த சம்பூரணம்.
"டார்ச்சை ஆட்டாதே," என்றேன்.

வெளியே கணவாய்க் காற்று.
பாலக்காட்டுப் பக்கம் மலை விட்டிருக்கும் இடம்
எத்தனை தௌ?
யார் தட்டி, யார் நெம்பி வைத்தது?
ஆடி முழுக்கத் தகரக் கூரை
அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கையாலேயே மரையேற்றினேன்.
ஸ்பேனர் கடைசி அரைச் சுற்றுக்கு மட்டும்.

நாலு மணி.
சோக்கை இழுத்துச் சாவியைத் திருகினேன்.
மூன்று பேர் உடனே வந்தார்கள்.
மூன்றாவது ஆள் யோசித்தான்.
பிறகு வந்தான்.
பின்னால் புகை. இருட்டில் நீலம் தெரியாது,
எனக்குத் தெரியும்.

பெதப்பம்பட்டிப் பிரிவில் நிறுத்திக் காது கொடுத்தேன்.
தட்டுகளில் ஒரு சத்தமில்லை.
அந்தக் கருப்புப் பிளக்கை எறிய மனம் வரவில்லை.
டேஷ்போர்டில் கிடந்து
வளைவுக்கு வளைவு
இக்கட்ட ஒரு உருளல், அக்கட்ட ஒரு உருளல்,
முப்பத்தெட்டாயிரம், முப்பத்தெட்டாயிரம் என்று.